பிரேக் வீக்

பிரமிளாவின் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் இல்லை. புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர் போனால் வரும் தோட்டம். அதன் ஒர்க்‌ஷாப்பில் பதினெட்டு வருடமாக அவள் கிராணி. எந்த லோரி ஓடுகிறது, எதற்கு என்ன கோளாறு என்று எழுதிவைப்பதுதான் வேலை. மலாயில் எழுதிய காலத்தில் யாரும் குறை சொன்னதில்லை. கம்பெனி கைமாறியதும் எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள்.

புதிதாக வந்த துணை நிர்வாகி கணேஸ்வரனுக்கு முப்பது வயதிருக்கும். ஆங்கிலத்தில் வாரத்துக்கும் 'வீக்'தான், பலவீனத்துக்கும் 'வீக்'தான். எழுத்து மட்டும் வேறு. பிரமிளா ஒருநாள் 'அடுத்த வாரம்' என்பதை 'அடுத்த பலவீனம்' என்று எழுதிவிட்டாள். அவன் அதைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்சாப் குழுவில் போட்டான். முப்பத்தெட்டு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். டிரைவர் சோமுவும் போட்டார். அதற்குப் பிறகு வாரம் ஒரு தாளாவது குழுவில் வந்தது. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும்போது, எல்லோர் முன்னாலும் அவளை எழுத்துக் கூட்டச் சொல்வான். தப்பாகச் சொன்னால், "இன்னொரு தடவ" என்பான். அவள் இன்னொரு தடவை கூட்டுவாள்.

வீட்டில் அரிசி களைந்துகொண்டே கைப்பேசியில் பாடம் கேட்டாள். ஓசை ஒன்றாக, எழுத்து வேறாக இருக்கும் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதி மனப்பாடம் செய்தாள். ஓய்வுக்கும் 'பிரேக்', வண்டியை நிறுத்துவதற்கும் 'பிரேக்'. எட்டு மாதத்தில் அவளுக்குக் கை பழகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சோமு வந்தார். மகள் துளசியின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு கேட்டிருந்தார். கணேஸ்வரன் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கடுப்பு முகத்தில் இருந்தது.

"ஏழாம் நம்பர் பிரேக் சரியா புடிக்கலம்மா. ரெண்டு மூனு மிதி மிதிச்சாத்தான் நிக்குது. எழுதிடு."

"எழுதிடறேண்ணே."

'லோரி ஏழு, சோமு, பிரேக் வீக்' என்று எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். இரண்டு சொல்லும் சரி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தாளைக் கணேஸ்வரன் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் வந்தபோது அந்தத் தாள் அவள் மேசைக்குத் திரும்பியிருந்தது. இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஓய்வு', 'வாரம்' என்று பொருள் வரும்படி திருத்தி எழுதியிருந்தான். கீழே, 'லீவு ரிஜெக்டட்' என்று கையெழுத்து. ஏழாம் நம்பர் நின்ற இடம் காலி.

ஆறரைக்கு நடந்ததை, வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் பிறகு சொன்னார். கணேஸ்வரன் ஜீப்பில் இருந்தபடியே சோமுவைக் கூப்பிட்டு, "பிரேக்கெல்லாம் இந்த மாசம் கெடையாது. வண்டிய எடு லா" என்றிருக்கிறான். பிரேக்கைப் பழுதுபார்க்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு சோமு வண்டியில் ஏறியிருக்கிறார்.

பிரமிளா நான்கு முறை போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. எண்ணெய் மில்லுக்குப் போகும் வழியில், வாய்க்கால் ஓரம் சாலை இறங்கி வளையும் இடத்தில், குலைகளோடு லோரி தண்ணீரில் கவிழ்ந்தது. அவரை வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க எழுதினது சரிதான்" என்றார். பிரமிளா நிமிர்ந்தாள். "ஆனா உங்க பழைய ரெக்கார்டப் பாத்தா யாரா இருந்தாலும் திருத்தத்தான் தோணும். வாயாலயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

கணேஸ்வரனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பிரமிளாவைச் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலைக்கு மாற்றினார்கள். அவள் தப்பாக எழுதித்தான் சோமு செத்தார் என்று தோட்டமே பேசியது. குழுவில் ஒருவரும் எதுவும் போடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தாளைப் படம் பிடித்து வைத்திருந்த கைப்பேசியோடு சோமுவின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கலாவதி உட்காரச் சொல்லவில்லை.

"நா தப்பா எழுதலக்கா. பாருங்க."

"எனக்கு அது படிக்கத் தெரியாது. எழுதத் தெரியாதவ எழுதியிருக்கவே கூடாது."

உள்ளேயிருந்து வந்த துளசி கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"சரியாத்தாம்மா எழுதியிருக்காங்க" என்றாள். பிறகு, "லீவு ரிஜெக்டட்னு போட்டிருக்கே. எந்த லீவு?"

தெரியாது என்று பிரமிளா சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஆனால் இத்தனை நாளில் முதன்முதலாக ஒருத்தி, 'ஆனா' எதுவும் சேர்க்காமல், அவள் எழுதியது சரி என்று சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தை கலாவதியின் காதில் முழுசாக விழ வேண்டும்.

"உன் கல்யாணத்துக்கு அப்பா கேட்ட லீவுதான். கணேஸ்வரன் இதையும் அதுன்னு நெனச்சிட்டான்."

துளசி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை. "அப்போ என்னாலதான்" என்று தாயைப் பார்த்துச் சொன்னாள். கலாவதி இல்லை என்று சொல்லவில்லை.

பிரமிளா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாணம் நின்றுபோனது. துளசி கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள். தீபாவளிக்கும் அவள் ஊருக்கு வரவில்லை.