லிங்கராஜபுரத்தில் நான் எண்ணெய் எடுத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. ரேஷன் கார்டிலும் பாஸ்புக்கிலும் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை கொடுத்ததில்லை. ஞாபகமும் முன்போல இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, இன்றைக்குப் பால் வாங்கினோமா என்று யோசிக்கிற ஆள் நான். நடுவில் எங்கேயாவது வழி தவறினால் கோபித்துக்கொள்ளாமல் கூடவே வாருங்கள்.

நேற்று சாயங்காலம் என் மகள் ரீட்டா ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தாள். விலை மறுபடியும் ஏறிவிட்டதாம். ஹெல்மெட்டைச் சோபாவில் போட்டுவிட்டு, "இனிமே ஆபீசுக்கு பஸ்தாம்மா. இந்த வண்டிக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகல" என்றாள். அவள் துப்பட்டா நுனியில் இரண்டு சொட்டுப் பெட்ரோல் பட்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, துவைக்கப் போடுகிற சாக்கில் அதை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

டிவியில் அதே விஷயத்துக்கு நான்கு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு எண்ணெயையே நம்பியிருந்தால் இப்படித்தான், நம் மண்ணிலேயே தோண்டி எடுக்க வேண்டும் என்றார் கோட்டுப் போட்ட ஒருவர். தோண்டினால் வயலும் கிணறும் பாழாகும், குடிக்கத் தண்ணீருக்கு எங்கே போவது என்றார் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்கவில்லை. "நீ என்னம்மா சொல்ற?" என்று ரீட்டா விளையாட்டாகக் கேட்டாள். நான் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. ஆனால் உண்மையில் அந்த நான்கு பேரோடு உட்கார எனக்கும் ஒரு தகுதி உண்டு. லிங்கராஜபுரத்தில் முதன்முதலில் எண்ணெய் எடுத்தவள் நான்தான். கடைசியாக எடுத்தவளும் நானேதான்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். பூமிக்குள்ளிருந்து எது வந்தாலும் ஆச்சரியப்படாத ஊர் அது. கல்யாணமாகி லிங்கராஜபுரத்துக்கு வந்தேன். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு லைன் வீடு, எல்லாம் ஷீட் கூரை போட்டது. நடுவில் கல் கட்டின கிணறு. பெங்களூரில் என்ன பெரிய வெயில் என்று கேட்பீர்கள். ஏப்ரல் மாதத்தில் ஷீட்டுக்குக் கீழே குடியிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் வீட்டுக்காரர் லூர்துசாமி ஆடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நாங்கள் நாலாம் நம்பர். மூன்றாம் நம்பரில் சகாயம்மா அக்கா. காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தார். அந்த வாய்க்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே பயப்படும் என்பார்கள். எனக்கு அந்த வாய்தான் துணை. ஏனென்றால் எனக்கு வாயே கிடையாது. கடையில் யாராவது முன்னால் புகுந்தால் நகர்ந்து இடம் விடுவேன். புகாதவர்களுக்கும் விடுவேன்.

அப்போது சீமெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடையில் பேரல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் நின்று மாளாது என்பதால் டின்கள் நிற்கும். அவரவர் டின்னை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலை பார்க்கப் போவோம். டின்னை யாரும் தாண்டக் கூடாது, மனுஷரைத் தாண்டலாம். எனக்கு ஏற்ற ஏற்பாடு. பட்டறையிலிருந்து கைப்பிடி வைத்த நாலு லிட்டர் டின் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் சிவப்புப் பெயிண்டால் எழுதிக் கொடுத்தார் அவர். "பேசாத பெண்டாட்டிக்குப் பேசற டின்னு" என்று காம்பவுண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அந்த டின்னில்தான் வினை வந்தது. வாங்கி வைத்த எண்ணெய் தானாகக் குறைந்துகொண்டே போனது. விளக்குமாற்றுக் குச்சியை விட்டு அளந்து பார்ப்பேன். நேற்று நனைந்த இடம் வரை இன்றைக்கு நனையாது. சகாயம்மா அக்காவிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "ஷீட்டு சூட்டுல ஆவியாப் போயிருக்கும்டி. எங்கயாச்சும் ஜில்லுனு வை" என்றார். கேலிக்குச் சொன்னார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் அதை டாக்டர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன்.

காம்பவுண்டில் ஜில்லென்ற இடம் எது? கிணறு. உள்பக்கம் ஒரு இரும்பு வளையம் இருந்தது, மாதுளைச் செடி மறைக்கிற பக்கம். டின் வாயைத் துணியால் அடைத்து, கயிறு கட்டி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கயிற்றை இழுத்தால் கயிறு மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க மயில் கழுத்து நிறம். டின் மூழ்கிவிட்டது, எண்ணெய் மிதக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். அன்றைக்குச் சமையலுக்கு வெங்காயமே தேவையில்லை. அழுவதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது.

முதல் குடம் இழுத்தது சகாயம்மா அக்கா. "இன்னாடி இது, கிணறு சீமெண்ணெ நாறுது" என்று போட்ட சத்தத்தில் ஆறு வீடும் கூடிவிட்டது. முன்வீட்டிலிருந்து காம்பவுண்டுக்குச் சொந்தக்காரர் ஞானப்பிரகாசம் ஐயா வந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேப்பரைக் கடைசி வரி வரை படிப்பவர். ஒரு துணியை மேலாப்பில் தோய்த்தெடுத்து, தள்ளிப் போட்டுத் தீக்குச்சி கிழித்தார். குப்பென்று எரிந்தது. எல்லாரும் ஒரு அடி பின்னால் போனோம். பம்பாய்ப் பக்கம் கடலுக்குள் எண்ணெய் கிடைத்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "அவங்களுக்குக் கடல்ல. நமக்குக் கிணத்துல."

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நடந்ததுதான் நேற்று டிவியில் நடந்தது. என் வீட்டுக்காரர் கோட்டுப் போட்டவர் கட்சி. "நாட்டுக்கே நல்லதுக்கா. இரும்பு டவர் நிக்கும், பைப் இறக்குவாங்க, எனக்கே இங்க வேலை கெடைக்கும்."

"எண்ணெயக் குடிச்சுட்டு எண்ணெயில குளிப்பியா லூர்து?"

"தண்ணி வேற எடத்துல புடிச்சுக்கலாம்."

"யாரு புடிப்பா? நீயா?" என்ற சகாயம்மா அக்கா, "அது சரி, நெலத்துலேர்ந்து வர்ற எண்ணெ கறுப்பா இருக்கும்பாங்களே. இது இன்னா, ரேஷன் கடையில ஊத்தற மாதிரியே இருக்குது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தயங்கவே இல்லை. "சில எடத்துல வடிகட்டினதாவே வருமாம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பாவம், நானும் ஆட்டினேன்.

அவரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே தட்டு ஓரத்தில் அவர் டவர் வரைந்து காட்டும்போது எப்படிச் சொல்வது? இரண்டு நாள் போகட்டும், எண்ணெய் தானாக வற்றிவிடும் என்று நினைத்தேன். வற்றவில்லை. மூன்றாம் நாள் ஐயா எங்களைக் கூப்பிட்டு, மனம் கஷ்டப்படாதபடிதான் சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் வேற வீடு பாத்துக்கங்கம்மா. மிஷின் வந்தா இங்க குழந்தை குட்டிங்க இருக்கக் கூடாது."

சகாயம்மா அக்காவின் வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூடியது. அவர் மகள் மேரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டு மாசம். நிறைவயிற்றுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி அலைய வேண்டும். அது போதாதென்று, கிணறு கெட்டுப்போனதால் கோயில் பக்கத்துக் குழாயில்தான் தண்ணீர். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் அந்தப் பெண் ஒரு கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் குடத்தோடு வந்தாள். நான் ஓடிப்போய்க் குடத்தை வாங்கினேன். "உங்களுக்கு ஏங்க்கா சிரமம்" என்றாள். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

சனிக்கிழமை கோயிலுக்கு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "சாமி, கிணத்துல எண்ணெய விட்டுட்டேன்" என்றேன். தட்டிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"எத்தன லிட்டரும்மா?"

"நாலு, சாமி."

உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு. "எண்ணெ பணத்துல கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டித் தர்றேன்னு ஞானப்பிரகாசம் நேத்துதான் சொல்லிட்டுப் போனாரு" என்றார். மன்னிப்புக் கொடுத்தார், ஜெபம் சொல்லச் சொன்னார். "ஆனா அவங்களுக்கு நான் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும்" என்றும் சொன்னார். அதுதானே சாமி என் கஷ்டம் என்று சொல்ல நினைத்தேன். அதையும் சொல்லவில்லை.

வீடு வரும் வழியில் ஒரு யோசனை வந்தது. பேசத் தெரியாதவளுக்குத்தான் பேசுகிற டின் இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கிணற்றடியில் இருக்கும்போது ஐயா பக்கத்தில் போய் நின்றேன். குடம் விழுந்துவிட்டது, பாதாளக் கரண்டி வேண்டும் என்று முனகினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொக்கி கொக்கியாகத் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் துழாவினால், விழுந்த வாளியும் குடமும் மாட்டிக்கொண்டு வரும். ஐந்தாம் நம்பர் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள். ஏவாமலே என் வீட்டுக்காரரே இறக்கினார். இரண்டு தடவை சேறு வந்தது. மூன்றாவது தடவை டின் வந்தது. சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

இனி எல்லாம் அதுவே சொல்லிவிடும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஐயா குனிந்து, பேப்பர் படிக்கிற குரலில் வாசித்தார். "லூர்துசாமி. வீடு நாலு."

நான் அதை யோசிக்கவே இல்லை, பாருங்கள். ரேஷன் கார்டில் பேர் அவருடையது. டின்னிலும் அவர் பேர்தான். இத்தனை வருஷம் எனக்காக வரிசையில் நின்ற டின், ஒரே ஒரு தடவை சாட்சி சொல்ல வந்து வேறு ஆளைக் காட்டிவிட்டது.

"அடப்பாவி லூர்து" என்றார் சகாயம்மா அக்கா. "வடிகட்டினதாவே வருமா? ஊரையே வீட்ட காலி பண்ண வெச்சிட்டு டவரா நிக்கப் போற?"

என் வீட்டுக்காரர் டின்னையும் கையிலிருந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாள் பூராவும் பேசுகிற மனுஷன். என்னையும் பார்க்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறார் என்று எனக்கும் புரிந்தது. மேரி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்ல" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான்தான். சூட்டுல ஆவியாவுதுன்னு கிணத்துல தொங்கவிட்டேன். அறுந்து விழுந்திருச்சு. யாரும் வீட்ட காலி பண்ண வேணாம்."

ஐயா கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருடைய டவரும் மணிக்கூண்டும் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு, "கிணற எறைக்கணும். வாளி எத்தன இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சகாயம்மா அக்காதான் முதலில் சிரித்தது. "ஆவியாவுதுன்னு உனக்கு எவடி சொன்னது?" என்று கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐயோ, நான்தான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெய் குறைந்த ரகசியம் அன்று சாயங்காலம் தெரிந்தது. நாள் முழுக்க இறைத்ததில் ராட்டினத்துக் கிரீஸ் எல்லாம் என் வீட்டுக்காரர் கையில் ஏறியிருந்தது. நேராகப் போய்ச் சகாயம்மா அக்கா வீட்டுப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டுச் சீமெண்ணெய் கேட்டு வாங்கிக் கையைத் தேய்த்தார். "தெனம் பட்டறை விட்டு வந்ததும் இதான் வழக்கம், சோப்புக்குப் போவாது" என்றார். தினமும் பின்வாசலில், எங்கள் டின்னிலிருந்து, நான் காபி போடுகிற நேரத்தில். நான் எதையும் கேட்கிறவளாக இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன். லிங்கராஜபுரமும் தப்பித்திருக்கும்.

கிணற்றுத் தண்ணீரில் வாசனை போக வெகு நாளாயிற்று. ரசம் வைத்தால் யாராவது என் பக்கம் பார்த்து, "அடுப்புப் பக்கம் கொண்டுபோவாத" என்பார்கள். மேரிக்கு அந்த மூன்றாம் நம்பர் வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. முதலில் என் கையில்தான் கொடுத்தார் அக்கா. "ஓனர் அம்மா புடிக்கட்டும், எண்ணெக் கம்பெனி ஓனரு" என்றார்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. மூடிவிட்டு மேலே அபார்ட்மெண்ட் கட்டியிருக்கிறார்கள். கிணறு இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள், தரையெல்லாம் எண்ணெய்ச் சொட்டு. இனிமேல் தோண்டினால் நிஜமாகவே ஏதாவது வந்தாலும் வரும். பாதாளக் கரண்டி இல்லை, டின் வரிசை இல்லை, ரேஷன் கடையில் சீமெண்ணெய் வாசனை இல்லை. சகாயம்மா அக்கா இல்லை. மூன்று வருஷமாக என் வீட்டுக்காரரும் இல்லை. கடைசி வரைக்கும் அவர் கையை மோந்தால் அந்த வாசனை லேசாக இருந்தது. துப்பட்டாவை ஏன் மோந்தேன் என்று ரீட்டாவிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இதில் தப்பு நிறைய இருக்கலாம். டின் நாலு லிட்டரா ஐந்தா, கரண்டி ஐந்தாம் நம்பர் வீட்டுடையதா ஆறாம் நம்பருடையதா, செடி மாதுளைதானா, எனக்கு நிச்சயமில்லை. மேரி இப்போது காக்ஸ் டவுனில்தான் இருக்கிறாள் என்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொன்னால் திருத்தி எழுதிவிடுகிறேன். எண்ணெயை யார் விட்டது என்பதை மட்டும் கேட்க வேண்டாம். அது நான்தான்.