மாமா வந்த ஞாயிற்றுக்கிழமை

தேங்காய் மணம். துருவிய தேங்காயின் மணம் அல்ல. வெயிலில் படுத்திருப்பவர்கள் உடம்பில் தடவிக்கொள்ளும் எண்ணெயின் மணம், இனிப்புக் கூடிப்போன, புட்டியில் அடைத்த தேங்காய். போன மாதம் நீச்சல் குளத்தின் உடை மாற்றும் அறையில் யாரோ ஒருத்தி மூடியைத் திறந்தாள். மற்றவர்களுக்கு அது விடுமுறையின் வாசம். நானோ சுவரைப் பிடித்தபடி வாங்கில் உட்கார்ந்தேன், நாற்பத்தெட்டு வயதுக்காரி, ஒன்பது வயதின் பயத்தோடு, கால்களிலிருந்து தண்ணீர் சொட்ட.

அந்தப் பயத்துக்கு ஒரு சொல் இருந்தது. மாமா.

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை. டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் எங்கள் அகதி முகாம். முன்பு பள்ளிக்கூட விடுதியாக இருந்த கட்டிடம். ஓர் அறையில் அம்மா, நான், நாலு வயதுத் தம்பி. அப்பா கரீபியன் தீவுகளைச் சுற்றும் ஓர் உல்லாசக் கப்பலின் சமையலறையில் மூன்று வருடமாக வேலை செய்துகொண்டிருந்தார். தம்பி தவழ்ந்த காலத்தில் போனவர்.

ஆனால் டேனிஷ் பொலிஸ் எழுதிவைத்த தாளில் அவர் கப்பலில் இல்லை. அந்தத் தாளில் அவரை இலங்கை இராணுவம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. இருக்கிறாரா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. விசாரணையில் அம்மா அப்படித்தான் சொன்னார். எங்களுக்கு முன் முகாமுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது அது. "புருசன் கப்பலில எண்டு சொல்லிப் பாருங்கோ, அப்ப அவரிட்டையே போங்கோ எண்டு அனுப்பிப்போடுவாங்கள்." கப்பலில் இருப்பவரிடம் எப்படிப் போவது, கடலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்தவர்கள் பயந்தவளுக்குச் சொன்ன புத்தி. வதிவிட அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் பொய் வெளிப்பட்டால் எங்கள் மூவரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள். அம்மா அப்படி நம்பினார். அம்மா நம்பியதை நானும் நம்பினேன்.

அப்போதுதான் அப்பாவின் கடிதம் வந்தது. பக்கத்து அறை அக்காவின் தம்பி கோப்பன்ஹேகனில் இருந்தார். அப்பாவின் கடிதங்கள் அவருடைய விலாசத்துக்கு வந்து, வேறு உறைக்குள் புகுந்து, அக்காவின் பெயரில் எங்களிடம் வரும். இந்தத் தடவை ஒரு முழுத் தாள். ஆனி மாதம் கப்பல் வடக்கே வருகிறது. ஒரு ஞாயிறு காலை ஓகூஸ் துறைமுகத்தில் கட்டி மாலை ஆறு மணிக்குப் புறப்படும். கரையிறங்கச் சீட்டுத் தருவார்கள், ஐந்துக்குள் திரும்பி ஏற வேண்டும். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டி வா.

அதற்குக் கீழே ஒரு திட்டம். அப்பாவின் வேலையே அதுதான். கப்பல் ஒரு தீவில் நிற்கும் நாளில் பயணிகள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு இறங்குவார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுப்பவர் அவர். மற்றவர்களின் கடற்கரை நாளை மூன்று வருடம் கட்டியவர், தன் வீட்டுக்கும் ஒன்றைக் கட்டி அனுப்பியிருந்தார். திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள், அதிலிருந்து பின்னால் எண்ணு. சின்னவனுக்கு இரண்டு மாற்றுடுப்பு. குடிக்கிற தண்ணீரை நிழலில் வை. கப்பல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பாய் விரிக்காதே.

அம்மா அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். திட்டம் போட அறையில் பயம், சுவர் மெல்லியது. அதனால் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போவோம். நாலு மெஷின்கள் ஒன்றாகச் சுற்றி உறுமும். அந்த உறுமலுக்குள் நின்று அம்மாவும் அக்காவும் குசுகுசுப்பார்கள்.

"கடற்கரைக்குப் போறதுக்கு இப்பிடித் திட்டம் போடுற சனத்தை இப்பதான் பாக்கிறன்," என்பார் அக்கா. "உன்ரை கலியாணத்துக்கும் இவ்வளவு கதைச்சிருக்க மாட்டினம்."

"கலியாணத்துக்கு ஆரும் பொலிசுக்குப் பயப்படேல்லை அக்கா."

"சொந்தப் புருசனை ஒளிச்சுப் பாக்கப் போற முதல் பொம்பிளை நீதான் பிள்ளை. ஊரெண்டால் மனிசன் வேலி பாஞ்சு வந்திருப்பார்."

அம்மா சிரிக்கவில்லை. ஈரத் துவாயை உதறி மடித்து, மறுபடி உதறினார். துறைமுக வாசலில் நிற்கக் கூடாது; புகையிரத நிலையத்துக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் நிற்பது. பஸ்ஸில் வேறு வேறு இருக்கை. ரோல்ஸ், சம்பல் வைத்த பாண், போத்தலில் தேத்தண்ணி. மாலையில் பிரிவதும் அதே தரிப்பில்தான். யாராவது கேட்டால், வந்திருப்பது மாமா.

தம்பிக்கு அதையே உண்மையாகச் சொன்னார்கள்: உன்னைப் பார்க்கக் கப்பலில் மாமா வருகிறார். அப்பா எங்கோ கடலில் என்பது மட்டும் அவனுக்கு முன்பே தெரியும். என்னிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. "உனக்கு முகம் ஞாபகம் இருக்கு. அதுதான் உனக்கு மட்டும் சொல்லுறன்," என்றார் அம்மா. அன்றிலிருந்து எந்த நேரமும் பரீட்சை. சோப்புத் தூள் போட்டுக்கொண்டே, திரும்பாமல் கேட்பார்.

"ஆர் வந்திருக்கிறது?"

"மாமா."

"எந்த மாமா?"

"அம்மான்ரை அண்ணை."

"டேனிஷில கேட்டால்?"

அம்மாவின் சகோதரனுக்கு டேனிஷில் தனிச் சொல் உண்டு, மோர்ப்ரோ. முகாமின் வகுப்பறையில் வீட்டு உறவுகளை எழுதிய நாளில் படித்தது. அதைச் சொல்வேன். அம்மா தலையசைப்பார். எனக்கோ என் வாயே பயமாகிவிட்டது. மாமா, மாமா என்று சொல்லச் சொல்ல அதற்கு அடியில் மற்றச் சொல் வளர்ந்தது. சோறு விழுங்கும்போது தொண்டையில் ஏறி நின்றது. பிறகு தெருவில் எந்த அந்நிய மனிதரைக் கண்டாலும் அப்பா என்று கத்திவிடுவேனோ என்று பல்லைக் கடித்தேன்.

அந்த ஞாயிறு காற்றோடு வந்தது. பஸ் தரிப்பில், நேர அட்டவணைப் பலகையைப் பார்த்தபடி வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். நான் நினைவில் வைத்திருந்ததைவிடக் கட்டை, மெலிவு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவர் பலகையை வாசித்தார். அம்மா தன் செருப்பை வாசித்தார். மூன்று வருடம், நாலு அடி தூரத்தில். பஸ்ஸில் அப்பா எங்களுக்கு மூன்று இருக்கை முன்னால் போய் அமர்ந்தார். நான் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். வலது காதுக்குப் பின்னால் அந்த மச்சம் இருந்தது. மச்சத்தைக் கண்டதும் அழுகை வந்தது. அதையும் திட்டத்தில் இல்லாத ஒன்றாக விழுங்கினேன்.

நகரத்துக்கு வடக்கே காடு கடல் வரைக்கும் இறங்கும் இடம். மணல் ஒடுங்கியது, அதில் ஒரு மரப் பாலம் தண்ணீருக்குள் நீண்டிருக்கும். தெற்கே, துறைமுகத்தில், வெள்ளைக் கப்பல் தெரிந்தது. முகாமின் படுக்கை விரிப்பை விரித்தோம். நாலு பக்கமும் டேனிஷ் பெண்கள் மேலே ஒன்றும் இல்லாமல் படுத்திருந்தார்கள். அம்மா எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் கடைசியில் காட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

"கடலைப் பாரும். நான் மூண்டு வருசமா உப்பிடிப் படுத்திருக்கிறவைக்கு நடுவிலை நிண்டுதான் சாப்பாட்டுப் பெட்டி குடுக்கிறன்," என்றார் அப்பா.

"அதுதான் வர மனமில்லாமல் இருந்ததாக்கும்."

அப்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தம்பியை இழுத்து மடியில் வைத்தார் அப்பா. "மாமாவைத் தெரியுமோ?" என்று தானே கேட்டார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க எனக்கு எங்கோ வலித்தது. தம்பி அவரை ஆராய்ந்துவிட்டு, "கப்பலில கக்கூஸ் இருக்கோ?" என்றான். அதன் பிறகு அவன் அவரை விடவேயில்லை.

பைக்குள்ளிருந்து அப்பா ஒரு புட்டி எடுத்தார். பயணிகள் விட்டுப்போன வெயில் எண்ணெய். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தார், முகம் மாறியது. ஒரு கை நிறைய ஊற்றி என் தலையில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"அது உடம்புக்குப் பூசுறது," அப்பா சிரித்தார்.

"தேங்காயெண்ணெய் தலைக்கில்லாமல் பேந்து எங்கை வைக்கிறது?"

பின்னி முடிப்பதற்குள் மணலெல்லாம் என் தலையில் ஒட்டியது. அம்மா நிறுத்தவில்லை. அந்தத் தேய்ப்புக்கு நடுவில்தான் அப்பா, கப்பலைப் பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்.

"நான் ஏறாமல் நிண்டால்?"

அம்மாவின் விரல்கள் நின்றன.

"நிண்டால் கப்பல்காரன் தேடுவான். பொலிஸ் வரும். அங்கை காணாமல் போன மனிசன் இஞ்சை எப்பிடி முளைச்சதெண்டு கேப்பினம். நாங்கள் நாலு பேரும் சேந்துதான் திரும்பிப் போக வேணும்."

"ம்," என்றார் அப்பா. மணலை அள்ளி விரலிடுக்கால் விட்டார். பிறகு தம்பியைத் தூக்கிக்கொண்டு மரப் பாலத்துப் பக்கம் போனார்.

சைக்கிள் மணி கேட்டது. காட்டுப் பாதையில் இறங்கி நின்றவள் முகாம் அலுவலகத்தில் வேலை செய்யும் டேனிஷ் பெண். எங்களுக்கு அறை தந்தவள், பால் பாக்கெட் பிரித்துத் தருபவள். ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் படித்துவைத்திருந்தாள். காலையில் தேத்தண்ணி, நல்லது, அம்மா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவாள். அன்று அவளுக்கு ஓய்வு நாள். கையை ஆட்டியபடி எங்களிடம் வந்தாள். பாலத்தைக் காட்டி என்னிடம் டேனிஷில் கேட்டாள், அது யார்?

"மோர்ப்ரோ," என்றேன். தெளிவாக, மெஷின் உறுமலுக்குள் பழகிய குரலில்.

"அப்படியா," என்றாள் அவள். "உன் தம்பிக்கு அவருடைய நெற்றி."

அதே நேரத்தில் தம்பி அப்பாவின் கையை உதறிக்கொண்டு பாலத்தின் நுனிக்கு ஓடினான். கைப்பிடி இல்லாத நுனி. அம்மா எழுந்தார், எழுந்த வேகத்தில் கத்தினார்.

"அப்பா, பிள்ளையைப் பிடியுங்கோ. பிடியுங்கோவப்பா."

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்தால் அவர் அப்பாதான், வாய்க்கும் அப்பா, மனதுக்கும் அப்பா. எங்களுக்கு மூன்று கிழமையாகப் பாடம் எடுத்தவர் தன் வாய்க்குப் பாடம் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் திட்டமிட்டவர், தான் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதைத் திட்டமிடவில்லை.

காற்று எங்கள் பக்கம் அடித்தது, தம்பிக்குக் கேட்டிருக்காது. அப்பா அவனை எட்டிப் பிடித்துவிட்டார். ஆனால் டேனிஷ் பெண்ணுக்குக் கேட்டது. அவள் படித்த ஐந்தாறு சொற்களில் அதுவும் ஒன்று. அவள் அம்மாவைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என் கால்விரல்களை மணலுக்குள் புதைத்தேன், இன்னும் ஆழமாக, ஈரம் தட்டும் வரை.

காற்றில் பறந்த விரிப்பின் மூலையைக் குனிந்து பிடித்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள். "காற்று கூடிவிட்டது, சின்னவனுக்குக் குளிரும்," என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனாள்.

அவள் யாரிடமாவது சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அனுமதிக் கடிதம் மார்கழியில் வந்தது. அதுவரை பால் பாக்கெட் வாங்க நான் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து அப்பாவைக் கூப்பிட அம்மா ஒரு வழக்கறிஞர் முன் உண்மையைச் சொன்னபோது, ஒருவரும் எங்களை விமானம் ஏற்றவில்லை. அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஆனால் அந்த ஞாயிறு அதையெல்லாம் அறியாது.

மணி ஒன்றுகூட ஆகவில்லை. அம்மா விரிப்பைச் சுருட்டிவிட்டார். பொலிஸ் வரும் என்று சொல்லவில்லை, கைகள் சொன்னன. காட்டுக்குள் ஏறினோம். பெரிய மரங்களுக்குக் கீழே நின்றுகொண்டே ரோல்ஸ் சாப்பிட்டோம். அங்கிருந்து கப்பல் தெரியாது. அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை காட்டு விளிம்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாதையில் கிளை முறிந்தாலும் நால்வரும் மெல்லுவதை நிறுத்துவோம். அம்மா அவருடைய சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். தட்டி முடிந்த பின்னும் தட்டினார்.

பிரிவது பஸ் தரிப்பில் என்றுதான் திட்டம். தம்பி கையை விடவில்லை. இழுத்தால் கத்துவான், கத்தினால் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் போகவே கூடாது என்றிருந்த துறைமுக வாசலுக்கே நால்வரும் போனோம். நாலரை மணி. சீருடைக்காரர் ஒருவர் வாசலில் நின்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். அப்பாவும் அம்மாவும் டேனிஷ்காரரைப் போலக் கை குலுக்கினார்கள். அப்பா என் தலையில் கை வைத்தார்; கை எண்ணெயோடும் மணலோடும் திரும்பியது. நான் வாயை இறுக்கி மூடியிருந்தேன். திறந்தால் எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி மட்டும் பயமில்லாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, கடலில எங்கட அப்பாவைக் கண்டால் வரச் சொல்லுங்கோ."

"ஓம் அப்பன். சொல்லுறன்."