கனவில் ஆடிய பல்

விடிவதற்கு முன்பே எங்கள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் குழாய் ஓடத் தொடங்கும். தண்ணீரோடு ஒரு குரலும் ஓடும். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வீடு, பனிக்கால இருட்டு. நான் படுக்கையில் கிடந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருப்பேன். யாரோ கதைக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும், ஒரு சொல்லும் பிடிபடாது. உள்ளே இருப்பது சின்னம்மா, அம்மாவின் தங்கை. தனியாகத்தான் இருக்கிறார். ஆனால் எதிரில் ஒருவர் நின்று கேட்பது போலத்தான் அந்தக் குரல் இருக்கும். நடுவில் நிறுத்துவார், மறுமொழிக்குக் காத்திருப்பது போல. பிறகு தொடர்வார். எனக்குப் பதினான்கு வயது. பயம் என்று வெளியில் சொல்ல மானம் இடங்கொடுக்காததால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

அந்த வருடம்தான் எனக்குப் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். அம்மா விடியற்காலை வேலைக்குப் போய்விடுவதால் என் வாய் முழுக்கச் சின்னம்மாவின் பொறுப்பு. கம்பி முனை கன்னத்தில் குத்தினால் மெழுகை உருட்டி ஒட்டிவிடுவார். கன்னம் புண்ணானால் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரோடு வந்து நிற்பார். முறுக்கைக் கடித்து, பல்லில் ஒட்டியிருந்த சின்ன உலோகக் கட்டை ஒன்றைக் கழற்றிக்கொண்டபோது, "முறுக்குத் தின்னாட்டிச் செத்தா போவாய்?" என்று ஏசிவிட்டு அதைக் கவனமாக ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வைத்தார், டொக்டரிடம் கொண்டுபோக. ஆனால் என் பற்கள் இடம் மாறுவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. காலையில் என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவார். "நேற்று இது இஞ்ச இருக்கேல்லைப் பிள்ளை. நீ நித்திரை கொள்ளேக்கை பல்லு நடக்குது" என்பார். சிரிக்கமாட்டார்.

உண்மையில் அந்தப் பனிக்காலம் முழுக்க அவர் சிரிக்கவே இல்லை. கதைக்கும்போது கை தானாக வாயருகே போய்விடும். எந்நேரமும் கராம்பு மென்றுகொண்டிருப்பார். அந்த வாசனைக்குள்ளிருந்து வேறொரு வாடை வரும், ஈர இரும்பைப் போல. அவருடைய கணவர், எங்கள் சித்தப்பா, கனடாவுக்கு வருவதற்கான ஸ்பொன்சர் அலுவல் முடிய யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார். அந்தக் கவலைதான் இவரைத் தின்கிறது என்று வீட்டில் நினைத்தோம்.

ஒரு காலை கம்பி முறிந்து கன்னத்தைக் கிழித்துவிட்டது. மெழுகு குளியலறை அலுமாரியில். வலியில் தட்டக்கூடத் தோன்றாமல் கதவைத் தள்ளினேன். சின்னம்மா முகம் கழுவும் தொட்டியின் மேல் குனிந்து, ஓடுகிற தண்ணீருக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இண்டைக்கும் கீழ்ப்பல்லு கையிலை விழுந்தது. நீ கொண்டு போ. அவரிட்டைப் போக விடாதை." தொட்டியில் தண்ணீர் இளஞ்சிவப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது.

கனவில் பல் விழுந்தால் வீட்டில் ஒரு சாவு விழும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பயம் உண்டு. கெட்ட கனவை மனிதருக்குச் சொன்னால் பலித்துவிடும், ஓடும் தண்ணீருக்குச் சொன்னால் அது கொண்டுபோய்விடும். சின்னம்மாவுக்கு மாதக்கணக்கில் ஒவ்வொரு விடியலிலும் அதே கனவு வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நாக்கு படும், பல் அசையும், விழும். தூரத்தில் இருப்பது சித்தப்பா ஒருவர்தான் என்பதால் கனவு யாரைக் குறிக்கிறது என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. ஈறில் கசிந்த இரத்தத்தை உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீரால் அடக்கப் பார்த்தார். பல்லை அசைக்கக் கூடாதென்று பிரஷ்ஷை விட்டு விரலால் மட்டும் தடவிக்கொண்டார். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அன்று தொட்டியடியில் என் பக்கம் திரும்பியபோதுதான் அவர் வாயை நேராகக் கண்டேன்.

"சின்னம்மா, உங்கட பல்லு ஆடுது."

"கனவிலைதான் பிள்ளை ஆடினது."

"இல்லை. இப்ப ஆடுது. நீங்க கதைக்கேக்கை ஆடுது."

அவர் மெல்ல விரலை வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அது நோய். அவருக்கோ, கனவு கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

முறிந்த கம்பியைச் சரிசெய்ய அன்றே என்னைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே பல் சுத்தம் செய்கிற பெண் என் ஈறைத் தொட்டு இரத்தத்தைக் காட்டி, பிரெஞ்சில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். கம்பிக்கு அடியில் சாப்பாடு தங்கவிட்டால் இப்படித்தான், சின்னப் பிரஷ்ஷை இடுக்குகளில் விட்டுத் தேய்க்க வேண்டும், இரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்தினால் இன்னும் மோசம் என்றாள். ஈறு சிவந்து வீங்கும், வாய் நாறும், ஈறு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரியும், கடைசியில் ஆடும், பெரும்பாலும் வலியே இருக்காது. வழக்கம்போல் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் சின்னம்மாவின் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வாயை மூடியது. அந்தப் பெண் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தாள். இப்போது எனக்கு முப்பதாகிறது. புதிதாக யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் ஈறைத்தான் பார்க்கிறேன். கெட்ட பழக்கம், விடமுடியவில்லை.

அன்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்த இடத்துக்குச் சின்னம்மாவைக் கூட்டிப்போனேன். ஈறு பார்க்கும் டொக்டர் ஒரு பெண். எக்ஸ்ரே படத்தில் சின்னம்மாவின் கீழ் முன்பல்லைச் சுற்றி எலும்பே இல்லை, வெறும் இருட்டு. மற்றப் பற்களை ஆழமாகச் சுத்தம் செய்து காப்பாற்றலாம், இதை மட்டும் எடுக்க வேண்டும் என்றார். சின்னம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"இது விழுந்தா அவர் போயிடுவார். வா, வீட்டை போவம்."

டொக்டர் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். பயப்படுகிறார் என்றேன். எடுக்காவிட்டால் ஒருநாள் அது தானாக விழும், பக்கத்துப் பல்லும் போகும் என்றார் டொக்டர். தானாக விழப்போகிற அந்தக் காலையைச் சின்னம்மா தனியாக, அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று பார்ப்பதை நினைத்தேன்.

"பிடுங்கினா அது விழுந்த பல்லில்லையாம், சின்னம்மா. எடுத்த பல்லாம். ரெண்டும் வேறையாம்."

"டொக்டரே அப்பிடிச் சொன்னவ?"

"ஓம்."

என் முகத்தையே பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. பிறகு கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

வெளியே வந்ததும் பஞ்சைக் கடித்தபடி போன் என்று சைகை காட்டினார். யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு, சித்தப்பா வீட்டில் இருக்க வேண்டிய நேரம். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். சின்னம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. நானும் அந்தக் கனவுக்குள் போய்விட்டேன். சித்தப்பாவுக்கு ஏதும் நடந்திருந்தால் அந்தப் பல்லைப் பிடுங்கியது டொக்டர் இல்லை, நான்தான் என்று நினைத்தேன். கனடாவில் பள்ளிக்கூடம் போகிற, விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி வாங்குகிற பிள்ளை நான். முழுதாக நம்பினேன்.

மறுமுனையில் சத்தம் மாறியது. "ஹலோ? ஆரது?"

போனை சின்னம்மாவின் காதில் வைத்து நானும் காதை ஒட்டிக்கொண்டேன். பஞ்சும் மரத்துப்போன உதடுமாக அவரால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. மூச்சு மட்டும் போனது.

"ஆர் கதைக்கிறது? கிணத்தடியிலை நிண்டனான், கேக்கேல்லை." பிறகு குரல் தணிந்தது. "என்னப்பா, நீரே?"

சின்னம்மா கண்ணீர் வழிய வழியத் தலையை ஆட்டினார். விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஓம் சித்தப்பா, அவதான்" என்றேன். "தலையாட்டுறா."