நிலம் அளக்க வராத முக்காலி

கல்யாணமான புதிதில் என் வேலை மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. என் வீட்டுக்காரர் தச்சர். நான் சந்தவாசல் பக்கத்துப் பெண், உளியைக் கையில் தொட்டதுகூட இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் பள்ளிப் பிள்ளைகள் தங்க ஒரு விடுதி கட்டினார்கள். கதவு ஜன்னல் வேலை அவருக்குக் கிடைத்தது. கீழேயிருந்து கூட்டிப்போன ஆட்கள் குளிர் தாங்காமல் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். அதனால் என்னைக் கூட்டிப்போனார். இன்னும் பூச்சு பூசாத ஓர் அறையில் அடுப்பு மூட்டிக் குடியிருந்தோம்.

ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய மரச்சட்டம் அடிக்கவேண்டும். இரண்டு சட்டம் சேரும் மூலையில் இரண்டையும் சாய்வாக வெட்டினால்தான் இடுக்கு தெரியாமல் கூடும். அந்தச் சாய்வுக்கென்றே ஒரு பெட்டி வைத்திருந்தார். மேலே மூடியில்லாத சின்ன மரத்தொட்டி. இரண்டு பக்கச் சுவரிலும் சாய்வாகப் பிளவு இருக்கும். சட்டத்தை உள்ளே வைத்து அந்தப் பிளவு வழியாக ரம்பத்தை ஓட்டினால் சாய்வு தவறாது. பெட்டி மட்டும் ஆடக்கூடாது.

ஆடாமல் வைக்க மலையில் சமதரை ஏது? கருங்கல்லின் மேல் பலகையைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, இடது காலால் மிதித்துக்கொண்டு குனிந்து அறுப்பார். நீளச் சட்டத்தின் மறுமுனை என் கையில். என் கை கொஞ்சம் தாழ்ந்தாலும் வெட்டு கோணிவிடும்.

"இன்னாம்மே, தூங்கறியா?"

"மரத்தைப் புடிச்சுப் புடிச்சு கையும் மரத்துப்போச்சு. பெட்டியை வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கினா இன்னா?"

"நீ இருக்கறப்ப ஸ்டாண்டு எதுக்கு?"

"நான் இருக்கறதாலதான் கேக்கறேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியும் வாங்கவேண்டியிருந்ததால் அந்த வாரமே இருவரும் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினோம்.

இரும்புக்கடையில் மடக்கு ஸ்டாண்டு ஒன்று வாசலிலேயே நின்றது. நாலு கால், பச்சைப் பெயின்ட். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாப்பிள்ளை முகமாகிவிட்டது. தட்டிப் பார்த்தார், மடக்கினார், விரித்தார். "யானை ஏறினாலும் நிக்கும்" என்றார் கடைக்காரர். நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். அது தரையைவிட்டு ஒரு விரற்கடைதான் எழும்பியது.

"பஸ்ஸை விட்டு எறங்கி அந்த ஏத்தத்துல யாரு தூக்கறது?"

"நான்தான்."

"உங்க தோள்ல கண்ணாடிப் பொட்டி இருக்குமே."

அவர் ஸ்டாண்டை இன்னொரு தடவை மடக்கி விரித்தார். நான் ஒரு செருப்பைக் கழற்றி அதன் ஒரு காலுக்கடியில் தள்ளிவிட்டு மேலே கை வைத்து அழுத்தினேன். தொட்டில் மாதிரி ஆடியது.

"அம்மா, செருப்பை எடுத்துடுங்க, ஆடாது" என்றார் கடைக்காரர்.

"மலையில இருக்கற கல்லையெல்லாம் எடுக்க முடியாதுங்களே."

கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ வாய்விட்டுச் சிரித்து, பின்தெருவிலிருந்த பழைய சாமான் கடைக்கு வழி சொன்னார். அங்கே ஓட்டைக் குடங்களுக்கும் சைக்கிள் சக்கரங்களுக்கும் நடுவே அது சாய்ந்திருந்தது. நிலம் அளக்கிறவர்கள் மேலே கருவியை மாட்டி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்களே, அந்த மர முக்காலி. ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நீட்டலாம், குறைக்கலாம், திருகு வைத்து இறுக்கலாம். காலடியில் மண்ணில் குத்துவதற்கு இரும்பு முனை. கடைக்கு வெளியே சாக்கடை ஓரத்துச் சரிவில் அவர் நிறுத்திப் பார்த்தார். ஒரு காலை நீட்டி, ஒரு காலைக் குறைத்தார். ஆடாமல் நின்றது. நான் அதை ஒரு கையால் தூக்கினேன். அதோடு பேச்சு முடிந்தது.

முக்காலியால் வந்த வம்பு பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் முக்காலியைப் பார்த்துவிட்டு இவருக்கு முன்சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். ஏன் இந்த மரியாதை என்று எங்களுக்குப் புரியவில்லை. இறங்கி நடந்தபோது சாமைக் கொல்லையில் நின்ற இரண்டு பேர் எங்களைப் பார்த்ததும் குறுக்குவழியில் வேகமாக மேலே ஏறினார்கள். நாங்கள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே நின்றது.

ஊர்ப் பெரியவர் முன்னால் வந்து கும்பிட்டார். "எந்தப் பக்கத்துலருந்து அளக்கப் போறீங்க?"

"அளக்கறதா? நான் தச்சு வேலை செய்யறவன்ங்க. தெனம் பாக்கறீங்களே."

"முன்ன ஒருத்தர் இதே மாதிரி மூணு காலோட வந்தாரு. ரோடு பாக்க வந்தேன்னாரு. அப்பறம் என் கொல்லையில பாதி காட்டைச் சேந்ததுன்னு கல்லு நட்டாங்க."

இதற்குள் அண்ணன் தம்பி இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் வரப்பில் நிற்கும் புளியமரம் யார் பக்கம் என்று மட்டும் அளந்து சொல்லச் சொன்னார்கள். நான் உதவியாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று, "இது மரம் யாருதுன்னு சொல்லாதுங்க. இது மரம் அறுக்கறதுக்கு" என்றேன்.

"எந்த மரத்தை?" என்றார் அண்ணன். தம்பி அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

என் வீட்டுக்காரர் அவசரமாக முக்காலியை விரித்து, அதன் தலையில் பலகையை முடுக்கி, பெட்டியை வைத்து, நீளச் சட்டம் ஒன்றை எடுத்து வைத்தார். அறுத்துக் காட்டினால் நம்புவார்கள் என்பது அவர் எண்ணம். ரம்பத்தைத் தொடக்கூட இல்லை. நீண்டிருந்த பக்கம் பாரம் இழுத்து, முக்காலி, பெட்டி, சட்டம் எல்லாம் மெதுவாகச் சாய்ந்து அவர் காலடியில் விழுந்தன.

பெரியவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "சர்வேக்காரங்களுது இப்படி விழாது. இது இவரோடதுதான்."

ஊரே சிரித்த அந்தச் சிரிப்பில் என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குமேல் எல்லாரும் யோசனை சொன்னார்கள். தம்பி போய், நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கொம்பு ஒன்றை வெட்டிவந்து, சட்டத்தின் முனையைத் தாங்கும்படி தள்ளி நட்டார். நான் சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பி முக்காலியின் நடுவில் தொங்கவிட்டேன். அதன்பின் அது யாரையும் கவிழ்க்கவில்லை.

என் கைக்கு விடுதலை. மறுநாள் ஊர்ப் பெண்களோடு புளி உலுக்கப் போனேன். இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்தது. அவரோ ஏணியில் ஏறி அளவெடுத்து, இறங்கி அறுத்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பார்க்கச் சகிக்காமல், "அளவை அங்கிருந்தே சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். குறி போட்டு, பெட்டியில் வைத்து, ரம்பத்தை இழுத்தேன். குனிய வேண்டியதில்லை, முக்காலியின் கால்களை என் இடுப்பு உயரத்துக்கு நானே குறைத்திருந்தேன். முதல் துண்டு சாய்வு மாறிப்போய் விறகாயிற்று. அடுத்ததை ஏணியில் நீட்டினேன். மூலையில் வைத்துப் பார்த்து, ஆணியை வாயிலிருந்து எடுத்து அடித்தார். பிறகு அடுத்த அளவைச் சொன்னார்.

விடுதியின் மேல்மாடி ஜன்னல் முழுவதும் நான் அறுத்த சட்டம்தான். சாயங்காலம் உள்ளங்கைக் கொப்புளங்களை அவரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். விளக்கெண்ணெய் தடவிவிடுவார்.

அந்த வேலை முடிந்ததும் கலசப்பாக்கத்தில் ஒரு காண்டிராக்டர் கூப்பிட்டனுப்பினார். "எத்தனை தச்சு ஆளு வருவீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னொருத்தர் எங்க?"

இவர் என் பக்கம் தலையை அசைத்தார். காண்டிராக்டர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி மூன்று டீ சொன்னார்.