நான் போடாத மனு

தனகோட்டி அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சுவர். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், பேகோபுரத் தெரு முனையில், பசை காயாத சுவரொட்டி ஒன்று. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் இருந்தார். கீழே கொட்டை எழுத்தில், 'ஊரிலேயே முதன்முதலாகத் தம் உணவகத்தில் புகைக்குத் தடை போட்ட தீரர்' என்று அச்சடித்திருந்தார்கள். இரண்டு தடவை படித்தேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால், கோபம்தான்.

முப்பதாம் நாள் படத்திறப்புக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அவருடைய மகன் குமார் என் வீட்டுக்கு வந்து, "அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர். உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதை" என்றார். "உள்ளதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "நீங்க தப்பாவா எழுதப் போறீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்து மூன்றில் ஆரணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்தேன். கல்யாணம் ஆகாதவள். கிடைத்தது ஒற்றை அறை. அடுப்பு மூட்டக் கூடாது என்பது வீட்டுச் சொந்தக்காரர் போட்ட நிபந்தனை. அதனால் காலையும் மாலையும் தனகோட்டி அண்ணன் ஓட்டலில்தான் சாப்பாடு. பெண்களுக்கென்று பின்பக்கம் ஒரு ஃபேமிலி ரூம் இருந்தது உங்களுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு, வாசலில் பச்சைத் திரை. ஆண்களின் பார்வை உள்ளே வராது. அவர்கள் விடும் புகை மட்டும் தடுப்புக்கு மேலே ஏறி வந்து எங்கள் இட்லியில் இறங்கும். எனக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிடப் பழகியிருந்தேன்.

மறுவருஷம் ஒருநாள் காலை, சாப்பிட்டு எழுந்தவள் கை கழுவும் இடம்வரை போய்ச் சேரவில்லை. மூச்சு அடைத்து மேசைகளுக்கு நடுவே விழுந்துவிட்டேன். கல்லாவில் இருந்த தனகோட்டி அண்ணன் ஓடி வந்தார். பின்கதவைத் திறந்து, பரிமாறும் முனுசாமியோடு சேர்ந்து என்னைத் தூக்கிக் கிணற்றடியில் உட்கார வைத்தார். என் மூச்சு சீராகும்வரை, கடையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு வாழை இலையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். இந்த ஊரில் எனக்கென்று யாரும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. இதை மறைத்து எழுதினால் என் கை அழுகிப்போகும்.

அடுத்த வாரம் கடைக்குள் ஒரு பலகை தொங்கியது. 'இங்கு புகை பிடிக்கக் கூடாது'. வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து. வாசல் தூணில் பீடி பற்றவைக்க எந்நேரமும் புகைந்துகொண்டிருந்த கயிற்றை, காய் நறுக்கும் கத்தியால் அறுத்து வாளித் தண்ணீரில் அவர் முக்கியதை நானே பார்த்தேன். நன்றி சொல்லப் போனேன். "இது உங்களுக்காக இல்ல டீச்சர். சாம்பார் வாசன வர்ற எடத்துல வேற வாசன எதுக்கு? என் கடை, நான் சொல்றதுதான்" என்றார். அந்த வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ஆசிரியர்கள் அறையில் சொன்னேன், வகுப்பில் சொன்னேன், ஊருக்குக் கடிதம் எழுதி அம்மாவுக்கும் சொன்னேன். ஆம்பிளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எழுதிய ஞாபகம்.

ஆனால் சில மாதங்களிலேயே ஊர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது. நான் தெருவில் நடந்தால் டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் வேண்டுமென்றே இருமுவார்கள். "பெட்டிஷன் வருது, பீடிய அணைங்கடா" என்று ஒருவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். என்ன பெட்டிஷன் என்று எனக்குப் புரியவே இல்லை. நான் வாழ்க்கையில் எழுதியதெல்லாம் விடுமுறை விண்ணப்பம்தான். தினமும் அந்த ஓட்டலில் காபி குடிக்கும் வீட்டுச் சொந்தக்காரர் திடீரென்று அறையைக் காலி செய்யச் சொன்னார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி வேறு அறை தேடிக்கொண்டேன். அப்புறம் தலைமை ஆசிரியைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. ஓட்டலில் தனியாகச் சாப்பிடும் பெண், ஆண்களோடு வம்புக்குப் போகிறாள், இவளா பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என்று. தலைமை ஆசிரியை முன்னால் நின்று விளக்கம் சொன்ன அந்த அரைமணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுதேன்? தனகோட்டி அண்ணனிடம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பார். "ஊரு நாலு நாள் பேசும் டீச்சர். அஞ்சாம் நாள் பசிக்கும், இங்கதான் வரும்" என்பார். இது அவருடைய பேர்போன வாக்கு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்புறம் முனுசாமியைக் கூப்பிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் கெட்டிச் சட்னி வைக்கச் சொல்வார். நானும் மனசு ஆறிச் சாப்பிட்டுவிட்டு எழுவேன்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று. எண்பத்தொன்றில் கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்னால் ஓட்டலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபேமிலி ரூமில் சாரம் கட்டியிருந்தது. "சித்த இங்க குந்துங்க டீச்சர், எல போட்டுட்டுக் கூப்புடறேன்" என்று முனுசாமி என்னைக் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் உட்கார வைத்தார். கதவு பாதி சாத்தியிருந்தது. அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்த தனகோட்டி அண்ணனுக்கு நான் உள்ளே இருப்பது தெரியாது.

லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் வெளியே சத்தம் போட்டார். "இன்னா தனகோட்டி, சாப்ட்டுட்டு ஒரு பீடி பத்த வெச்சா இன்னா இப்போ? கோயிலா இது?"

"கோச்சிக்காதீங்கண்ணா" என்றது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். "எனக்கின்னா வந்துது? நீங்க புடிச்சா எனக்கு ஊதுவத்தி மாதிரி. அந்த டீச்சரம்மா கீதே, அதுதான் முனிசிபாலிட்டில பெட்டிஷன் போட்டு வெச்சிருக்குது. ஒரு பீடி எரிஞ்சாலும் லைசன்ஸப் புடுங்கிடுவேன்னு மெரட்டுது. ஒண்டிக்கட்டப் பொம்பள, அதுங்கிட்ட வாய் குடுக்க முடியுமா?"

"ஒரு பொம்பளைக்கு இவ்ளோ திமிரா?"

"ஜாஸ்திதான்ணா. இன்னா பண்றது, என் தலையெழுத்து."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எனக்கு ஏழு வருஷமும் ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. இருமல், கிண்டல், காலி செய்யச் சொன்ன வீடு, மொட்டைக் கடிதாசி, எல்லாமே இந்தக் கல்லாவிலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன. ஊர் என்னைக் கரித்துக்கொட்டியதைக்கூட நான் தாங்கியிருப்பேன். கரித்துக்கொட்ட வைத்தவரிடமே போய் அழுதேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வெளியே வந்தேன். லாரி ஷெட்காரர் என்னைப் பார்த்ததும் நழுவிவிட்டார். "எந்தப் பெட்டிஷன் அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. நின்றபடியே சொன்னார். "டீச்சர், என் பேரச் சொன்னா எவன் கேப்பான்? கோச்சிக்கினு எதிர்க் கடைக்குப் போயிடுவான். உங்க பேரச் சொன்னா திட்டிக்கினே அணைச்சிட்றான். உங்களுக்கு மூச்சு வருதா இல்லியா, அதப் பாருங்க."

"மூச்சு வந்துச்சு அண்ணா. வீடு போச்சு, பேரு போச்சு. நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்களே."

அதற்கு அவர், "இட்லி எடுத்தாரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அன்றைக்கே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினேன். மூன்று நாள் முனுசாமி கேரியரில் டிபன் கொண்டுவந்தார். மூன்று நாளும் திறக்காமல் திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு அந்த ஓட்டல் படியை நான் மிதிக்கவில்லை. ஒரே ஒருமுறை, பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வரும்போது எதிர்ப்பட்டார். "மூச்சு எப்படிக் கீது டீச்சர்?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம் என்று இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. கொஞ்சம்தான்.

கதை அதோடு முடிந்ததென்று இருந்தேன். அவர் உடலை எடுத்த அன்று, ஊர்வலம் புறப்பட்ட பிறகு, முனுசாமி என்னிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நீங்க வர்றது நின்னதுக்கு அப்புறமும் முதலாளி பலகய எடுக்கல டீச்சர். ஃபேமிலி ரூம்ல யாரும் இல்லாட்டியும் தெரய இழுத்து உட்டு, உங்க டேபிள்ல ஒரு டம்ளர் தண்ணி வெப்பாரு. எவனாவது பீடிய எடுத்தா, 'டீச்சரம்மா உள்ள கீறாங்க'னு கண்ணக் காட்டுவாரு. அவனும் அணைச்சிடுவான்."

அதை அன்பு என்று நினைத்துத்தான் முனுசாமி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. நான் சாப்பிடாத கடையில், நான் இல்லாத அறையில், அவர் சாகும்வரை இன்னொரு ஏழு வருஷம் என்னைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார். நான் ஏன் இன்னும் இந்த ஊருக்கு ஆகாதவளாக இருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கயிற்றை அறுத்திருக்க மாட்டார். அவர் பயந்தவர். போன மனிதரை இப்படி எழுதக் கை தயங்குகிறது, வேறு வார்த்தை கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஓட்டல்களில் புகைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் உத்தரவு இருந்திருந்தால், கோபப்பட்டவர்கள் எதிர்க் கடைக்குப் போயிருக்க முடியாது. அவருக்கும் என் பேர் தேவைப்பட்டிருக்காது. பிடிக்காதவள் வேறு கடைக்குப் போவதுதானே என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். எந்தக் கடைக்கு? பீடி இல்லாமல் அரைமணி நேரம் இருக்க உங்களால் முடியும். சினிமாக் கொட்டகையில் அணைக்கச் சொன்னால் அணைக்கிறீர்களே. மூச்சு விடாமல் அரைமணி நேரம் இருக்க என்னால் முடியாது.

காரியம் முடிந்து போன வாரம் கடை திறந்தார்கள். போனேன். ஃபேமிலி ரூமுக்குப் போகாமல், முன்பக்கம் ஆண்கள் உட்காரும் முதல் மேசையில் உட்கார்ந்தேன். கல்லாவில் குமார் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு வெளியூர்க்காரர் தீக்குச்சியை உரசினார். அந்தச் சத்தம் கேட்டதும் குமார், தலையை நிமிர்த்தாமலேயே, அப்பாவின் அதே குரலில் சொன்னார். "அண்ணா, வேணாம். டீச்சரம்மா உள்ள கீறாங்க."

"நான் இங்க இருக்கேன் குமார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வெளியூர்க்காரரிடம் திரும்பி, "நான்தான் அந்த டீச்சர். எனக்கு இழுப்பு இருக்கு. அணைச்சிடுங்க" என்றேன். அவர் அணைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். இத்தனை வருஷம் நான் சொன்னதாக அடுத்தவர் சொல்லிக்கொண்டிருந்ததை, முதல் தடவையாக நானே சொன்னேன். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனுவை எழுதிவிட்டேன். நகராட்சி ஆணையருக்கு, நாலு வரி: இந்த ஊர் ஓட்டல்கள் எதிலும் உள்ளே புகை பிடிக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். தனகோட்டி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்துப் போன இந்த மனு. படத்திறப்பு அன்று அவர் படத்துக்குப் பக்கத்து மேசையில் இது இருக்கும். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அது அவர் போட்டிருக்க வேண்டியது, அதில் யாரும் போட வேண்டாம். மூன்றாவதிலிருந்து நீங்கள் போடுங்கள்.