கலைச் செய்திகளில் என் பெயர் இல்லாமல்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜாஸ் இசை ஒலிபரப்பும் சிறிய சமூக வானொலி ஒன்று உண்டு. அவர்கள் நடத்தும் கச்சேரிகளுக்கு நாற்காலி சுமப்பேன். கொச்சங்காடியில் நான் படுத்திருந்த கிடங்கை ஓவியக் கண்காட்சிக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். போக இடமில்லை.

அன்று மாலை கலைச் செய்திகள் வாசித்த பெண், அந்தக் கண்காட்சியை அறிவித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: "அங்கே குடியிருந்த நம்ம தமிழ்ச் சேட்டனுக்கு ஒரு ரூம் வேணும்."

அடுத்த பாட்டு முடிவதற்குள் பள்ளுருத்தியிலிருந்து ஒரு தமிழ் அக்கா நிலையத்துக்குப் போன் செய்தார். அங்கேயே இருந்த என்னிடம் போனைக் கொடுத்தார்கள்.

"ரூமு இருக்கு தம்பி. ஆனா வீட்டுல அந்தக் குழலெல்லாம் ஊதக் கூடாது, கேட்டியா?"

"நான் நாற்காலிதான் தூக்குவேன், அக்கா."

"அப்ப சாயா குடிக்க வா."

எந்த ஊரிலும் ஓராண்டு நிலைக்காதவன், மூன்றாண்டாக அந்த அக்கா வீட்டில்தான் இருக்கிறேன்.