பச்சைக் காருக்குக் காவல்

மாமாவின் காருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கார்ப் பைத்தியங்கள் இன்றும் கண்களை விரிப்பார்கள். பிறகு அது எங்கள் வீட்டில் நடத்திய வாழ்க்கையைச் சொன்னால் நம்பமாட்டார்கள். நீண்ட மூக்கும் கம்பிச் சக்கரங்களும் கொண்ட கரும்பச்சைக் கார். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஹேவாஹெட்ட பக்கத்துத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போனார். அவர் விட்டுப்போனவை இரண்டு: ஒரு நாய், இந்தக் கார். நாயைத் தோட்டத்து டாக்டர் எடுத்துக்கொண்டார். காரை என் மாமா வாங்கினார். டாக்டர் கெட்டிக்காரர் என்று அம்மா பல வருஷங்கள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியில் கிளார்க் வேலை. தாத்தா இறந்த பிறகு, கடைசித் தங்கையான என் சித்திக்குக் கல்யாணம் செய்துவைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. நல்ல இடத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் நல்ல காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே சித்தியின் கல்யாணத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் பாதி, காரை வாங்கப் போயிற்று. மீதியைக் கார் தானே பார்த்துக்கொண்டது.

அதற்கு இரண்டு கார்புரேட்டர்கள். சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகளைப் போல அவை ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. மேட்டில் ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். கண்டியில் மேடு இல்லாத ரோடு எது? பின் சீட்டில் நானும் தண்ணீர் டின்னும்தான் எப்போதும் ஜோடி. மழை பெய்தால் என்ஜின் நின்றுவிடும், கண்டியில் மழை பெய்யாத மாதம் எது? நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டும். மாமா எந்தெந்த வீட்டுக்குப் போய்வந்தார் என்பதைத் தெருவைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவாள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வராத காலம் அது. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால்கூடக் கொழும்பு முழுக்கத் தேட வேண்டும். கிடைத்தாலும், கடைக்காரன் காரின் பெயரைக் கேட்டதுமே விலையை ஏற்றிவிடுவான்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிங்கள மெக்கானிக் இருந்தார். பாஸ் என்று கூப்பிடுவோம். மாமாவுக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். சிங்களமோ அவசரத்துக்கு வராது. அதனால் பாஸ் சொல்வதைத் தமிழில் சொல்லச் சித்தி கூடப் போவாள். சித்தி போனால் நானும் போவேன். அவள்தான் எனக்குத் தலை பின்னுவாள், அவளோடுதான் படுப்பேன். அப்போது எனக்கு எட்டு வயது. பாஸ் சொன்னதையெல்லாம் சித்தி நின்று கேட்டாள். மாமா பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த என்ஜினைப் பற்றி எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் சித்தி என்று ஆகிவிட்டது. அதுவும் மாமாவுக்குத் தெரியாது.

பெண் பார்ப்பதை எங்கள் வீட்டில் கோயிலில்தான் வைப்பார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திக்கும். சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, கால் மணி நேரத்தில் பிரிந்துவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் பேசுவது கிடையாது. அந்தக் கால் மணி நேரத்தை வைத்து ஆயுள் முழுவதற்கும் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வந்தவர் கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்ப்பவர். அன்று நல்ல மழை. கோயில் வாசலில் எங்கள் கார் கிளம்ப மறுத்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த மாதிரிப் பழைய கார வச்சிருக்கவே கூடாது" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத் தங்கள் காரில் ஏறிப் போய்விட்டார். ஜாதகம் பொருந்தவில்லை என்று பிறகு கடிதம் வந்தது. மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. சித்தி இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

அடுத்த இடம் வத்தேகம. மாப்பிள்ளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், ஆய்வுக்கூடத்தில் வேலை. இதுவும் தட்டிப்போனால் இனி வருகிற இடம் எதுவானாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். வத்தேகமவுக்குப் போகும் வழியெல்லாம் சித்தி ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்ததும், என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததும் நினைவிருக்கிறது.

கோயிலில் எல்லாம் முறைப்படி நடந்தது. மாப்பிள்ளை ஒல்லியாக, சிரித்த முகத்தோடு இருந்தார். பெரியவர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து பேசும்போது, முகம் துடைக்கும் கைலேஞ்சியைக் காரில் விட்டுவிட்டதாகச் சொல்லிச் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் இல்லை. அவள் பொனட்டைத் தூக்கி, வயர்கள் கூடும் கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து கட்டைவிரல் அளவுள்ள பழுப்புத் துண்டு ஒன்றை உருவினாள். மறுபடி மூடியை மாட்டினாள். துண்டைக் கைலேஞ்சியில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாள்.

"தெரியாத இடத்துல கார விட்டா இத எடுத்து வச்சிரணும்னு பாஸ் சொன்னாரில்ல? திருடன் கொண்டுபோக முடியாது. நான் கேக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

பாஸ் அப்படிச் சொன்னது எனக்கும் நினைவிருந்தது. பெரிய பொறுப்பு கிடைத்த பெருமையில் பையைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

சிறிது நேரத்தில் எல்லோரும் விடைபெற்றுக் காருக்கு வந்தோம். மாமா சாவியைத் திருகினார். என்ஜின் இருமியது, பிடிக்கவில்லை. மறுபடி மறுபடி திருகியதில் பற்றரியும் இறங்கிப்போயிற்று. என் பையில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காரணமே இல்லாமல் நிற்கிற கார் அது. நிற்பதற்குப் புதிதாகக் காரணம் எதற்கு?

மாமாவின் சந்தேகம் எப்போதும் கார்புரேட்டர்கள் மேல்தான். இரண்டையும் கழற்றினார், ஊதினார், திட்டினார், சக்கரத்தை ஓங்கி உதைத்துக் காலைப் பிடித்துக்கொண்டார். அம்மா வெட்கத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பொறுத்துப் பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் போகவில்லை.

"எனக்குக் காரப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. தள்ளத் தெரியும்" என்றார்.

தள்ளினார். கார் அசைந்ததே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. சட்டையெல்லாம் வியர்வை. கடைக்குப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் வாங்கி வந்தார். மாமா எரிந்து விழுந்தபோது, "நீங்க முதல்ல குடிங்க அண்ணே, கார் எங்க ஓடிறப் போகுது" என்றார். மாமாவே சிரித்துவிட்டார். தூறல் தொடங்கியதும் தன் குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு நின்றார். ஒருதடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சித்தி மரத்தடியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே இரண்டு மணி நேரம் போயிற்று.

மாமா கை கழுவக் கோயில் குழாயடிக்குப் போனார். சித்தி என்னிடம் கையை நீட்டினாள். துண்டைக் கொடுத்தேன். அவள் பொனட்டுக்குள் குனிந்து அதை மாட்டி நிமிர்ந்தபோது, எதிர்ப்பக்கத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் பார்த்துவிட்டார். சித்தி தலையைக் குனியவில்லை. அவர் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் பொனட்டை மெதுவாக மூடினார்.

மாமா வந்ததும், "இன்னொரு தடவ தள்ளிப் பாப்போமா அண்ணே? நீங்க ஊதி எடுத்தது இப்ப சரியா வந்திருக்கும்" என்றார்.

சரிவில் தள்ளினார். என்ஜின் உறுமிப் பிடித்தது. அந்த வேகத்தில் அவர் முழங்கால் பதியச் சேற்றில் விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

வழியில் நான் சித்தியின் காதில் ரகசியமாகக் கேட்டேன். "அவரு பாத்துட்டாரே சித்தி. இனி அவருக்கும் தெரியுமே."

"தெரியட்டும்" என்றாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இப்போது வெளியாள் ஒருவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அந்தக் காரை விற்றுத்தான் கல்யாணச் செலவைச் சமாளித்தார்கள். தன்னுடைய கார்புரேட்டர் வேலைதான் தங்கையைக் கரைசேர்த்தது என்று மாமா கடைசிவரை நம்பினார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கார் வாசலில்தான் நின்றது. எல்லோரும் உள்ளே போனார்கள். நான் மட்டும் பொனட்டில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

அவர் என்னைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். "உள்ள வரலியா பாப்பா?"

"மாட்டேன். நீங்க இதுல இருந்து ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "எடுக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு உள்ளே போனார். உள்ளே தாம்பூலம் மாற்றுகிற சத்தம் கேட்டது. சித்தியை யாரோ கூப்பிட்டார்கள். அவரை எப்படியோ மடக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் நான் அந்த இடத்தை விட்டு அசையாமல் காரைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.